மூன்று ஈரப்பதமானி, மூன்று கணக்கு: எது சரி என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

வைத்திக்குப்பம் (புதுச்சேரி) கேட்டது:

வணக்கம். வீட்டிலிருந்து கடற்கரை ஐந்து நிமிட நடை. நான்கு கேமரா லென்ஸ், ஒரு அலமாரி நிறையப் பழைய புத்தகங்கள், இரண்டு கட்டு ஓலைச்சுவடி. இவற்றுக்காக வாங்கியவை: கடிகாரத்தோடு வரும் எச்டிசி-1 டிஜிட்டல் ஒன்று, பேட்டரி இல்லாத முள் வைத்த வட்ட டயல் ஒன்று, லென்ஸ் டப்பாவுக்குள் வைக்கும் சின்ன டிஜிட்டல் ஒன்று.

மூன்றையும் ஒரே தட்டில் ஒட்டி ஒட்டி வைத்தால் எச்டிசி 78, டயல் 66, சின்னது 71. அதே நேரம் வானிலைப் பக்கத்தில் ஊருக்கு 90 என்று இருக்கிறது.

உப்புச் சோதனை ஒருமுறை செய்து பார்த்தாயிற்று. மூடி போட்ட டப்பாவில் மரக்காணம் கல் உப்பு ஒரு கை, அரை தம்ளர் தண்ணீர், மூன்று மணி நேரம். எச்டிசி 77, டயல் 70, சின்னது 72. 75 வர வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் எச்டிசி கிட்டத்தட்டச் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா? டயலின் முதுகில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பி முள்ளை 75-ல் நிறுத்திவிட்டால் போதுமா? லென்ஸ் டப்பாவை 45 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும்.

---

கெடிலக்கரை (கடலூர்) பதில்:

திருகை இப்போது தொட வேண்டாம். மூன்று மணி நேரம் போதாது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம், நம் கரையோரத்தில் 75 சோதனையை மட்டும் செய்தால் கெட்டுப்போன மானியும் தேறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அறைக்குள்ளேயே 70 முதல் 80 வரை இருக்கும். அந்தக் காற்றில் கிடந்த மானியை எடுத்து 75 உள்ள டப்பாவில் வைத்தால் அது நகரவே வேண்டியதில்லை. உங்கள் டயல் 66-லிருந்து 70-க்கு வந்திருக்கிறது. அது ஈரத்தை உணர்ந்து நகர்ந்ததா, முள் சும்மா அங்கேயே நிற்கிறதா என்று இதில் சொல்ல முடியாது. 40 சதவீதக் காற்றுள்ள ஊரில் இருப்பவருக்கு 75 நல்ல பரீட்சை. நமக்கு அது பாதிப் பரீட்சைதான்.

அதனால் இங்கே வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் உலர்த்தல், அடுத்து உப்பு, கடைசியில் கீழ்ப்புள்ளி, அதாவது 75-க்கு வெகு கீழே தெரிந்த இன்னோர் அளவு.

உலர்த்தல்: ஒரு லிட்டர் டப்பாவில் 100 கிராம் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிற மணிகளை வாங்குங்கள். நீல மணியில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது உடம்புக்கு ஆகாது. நிறம் மாறிய மணியை ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் வரும். மணி ஆறிய பிறகு மூன்று மானிகளையும் உள்ளே வைத்து ஒரு நாள் முழுக்க மூடி வையுங்கள். ஒழுங்கான டிஜிட்டல் 20-க்குக் கீழே போய்விட வேண்டும். எச்டிசி-1 காட்டும் வரம்பே 10-லிருந்து 99 வரைதான், ஆகவே 10-ஐத் தொட்டு நின்றால் அது குறையில்லை. இந்தப் படியில் துல்லிய எண் எதுவும் கிடைக்காது, மானிக்கு உயிர் இருக்கிறதா என்பது மட்டும் தெரியும்.

உப்பு: சாதாரண உப்பின் தெவிட்டிய கரைசலுக்கு (இனி உப்பு கரையாது என்ற நிலையில் உள்ள கரைசலுக்கு) மேலே மூடிய இடத்தில் ஈரப்பதம் 20 டிகிரியில் 75.5, 25-ல் 75.3, 30-ல் 75.1, 35-ல் 74.9. அதாவது நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் இந்த எண் அசையாது. சோடியம் குளோரைடை எல்லோரும் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

உங்கள் சோதனையில் இரண்டு தவறு. முதலாவது தண்ணீர். கரையாத உப்பு கடைசி வரை கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதன் மேல் தண்ணீர் தேங்கி நிற்கவும் கூடாது. மேல்மட்டத் தண்ணீர் முழுதாகத் தெவிட்டாமல் இருந்தால் டப்பாவுக்குள் 75-க்கு மேல் போய்விடும். அளவு சொல்வதானால், இரண்டு டீஸ்பூன் உப்புக்கு, அதாவது சுமார் 10 கிராமுக்கு, அரை டீஸ்பூன் தண்ணீர். புட்டுக்குப் பிசறிய மாவைவிடக் கொஞ்சம் கூடுதலாக நனைந்திருக்க வேண்டும், இட்லி மாவாகிவிடக் கூடாது.

இரண்டாவது கல் உப்பு. உப்பளத்திலிருந்து வரும் உப்பில் மக்னீசியம் குளோரைடு கொஞ்சம் ஒட்டியிருக்கும். மழை நாளில் ஜாடி உப்பு சீக்கிரம் கசிவதும் அதனால்தான். சுத்த உப்பு 75-க்கு மேல்தான் தண்ணீர் விடும், மக்னீசியம் அதற்கு முன்பே ஈரத்தை இழுத்துவிடும். அது சேர்ந்தால் டப்பாவின் அளவு 75-க்குக் கீழே சரியும். ஆக உங்கள் ஒரு தவறு மேலே இழுக்க, இன்னொன்று கீழே இழுத்திருக்கிறது. சுத்திகரித்த தூள் உப்பு போதும். அதில் உள்ள அயோடின் மிகச் சொற்பம், கணக்கில் வராது. கல் உப்புதான் கையில் இருக்கிறது என்றால் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி வடித்துவிடுங்கள், இரண்டு முறை. மக்னீசியம் குளோரைடு எளிதில் கரையும், வடித்த தண்ணீரோடு போய்விடும்.

டப்பா: அரை லிட்டரோ ஒரு லிட்டரோ, கண்ணாடி அல்லது வாசமில்லாத தெளிந்த பிளாஸ்டிக், ரப்பர் வளையம் வைத்த மூடி. ஊறுகாய் பாட்டிலும் மசாலா டப்பாவும் வேண்டாம், அந்த வாடை சென்சாரில் ஏறும். உப்பைப் பாட்டில் மூடியில் வைக்கச் சொல்வார்கள். கைக்கடக்கமான கவருக்கு அது சரி, ஒரு லிட்டருக்குப் போதாது. அடிப்பரப்பில் பாதியாவது உப்பு பரவியிருக்கட்டும், அகலமான பிளாஸ்டிக் தட்டு ஒன்று போதும். மானியின் கீழே எதையாவது முட்டுக் கொடுத்து உப்பு படாமல் வையுங்கள். உப்பு நீர் ஒரு சொட்டு சென்சாரில் பட்டால் அந்த மானி அவ்வளவுதான். மரத்துண்டு, அட்டை, துணி எதையும் உள்ளே வைக்காதீர்கள், அவை ஈரத்தை வாங்கியும் விட்டும் அளவை இழுத்தடிக்கும்.

நேரம்: டிஜிட்டலுக்கு 12 மணி நேரம், டயலுக்கு 24-க்குக் குறையாமல். அந்த நேரம் முழுக்க வெப்பநிலை நிலையாக இருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். காற்றில் அதே நீராவி இருக்கும்போது 30 டிகிரி 31 ஆனால் 75 சதவீதம் ஏறக்குறைய 71 ஆகிவிடும். உப்பு அதைச் சமன்செய்யும், ஆனால் மெதுவாக. ஏசி அறை, ஜன்னலோரம், ஃப்ரிட்ஜ் தலை மூன்றும் கூடாது. டப்பாவைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து உள் அறை அலமாரியில் வைப்பது நல்லது. மூடியின் உட்புறம் வியர்த்திருந்தால் அந்தச் சோதனையை விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்தே படிக்க வேண்டும். திறந்த சில வினாடிகளில் எண் மாறத் தொடங்கிவிடும்.

கீழ்ப்புள்ளி: உங்களுக்கு வேண்டியது 45. 75-ல் சரியாக இருக்கும் மானி 45-லும் சரியாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மக்னீசியம் குளோரைடு படிகம் வாங்குங்கள். அதன் தெவிட்டிய கரைசலுக்கு மேலே 25 டிகிரியில் 32.8, 30-ல் 32.4. ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும். 20 கிராம் படிகத்துக்கு ஒரு மில்லி தண்ணீர் தாராளம், ஓரம் நனைந்தால் போதும். திறந்து வைத்தால் நம் ஊர்க் காற்றில் தானாகவே கரைந்து ஓடிவிடும், ஆகவே எடுத்ததும் மூடுங்கள். சோதனை முடிகிற வரை படிகம் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். எப்சம் உப்பு என்று விற்பது மக்னீசியம் சல்ஃபேட், அது வேறு. பெயரைப் பார்த்து மாற்றி வாங்கிவிடாதீர்கள். அலமாரியில் தொங்கவிடும் ஈரம் உறிஞ்சி டப்பாவில் இருப்பது கால்சியம் குளோரைடு. 30 டிகிரியை ஒட்டி அதன் படிகமே உருகி நிலை மாறுகிறது, அதனால் நம் வெப்பத்தில் அதை அளவுகோலாக வைக்க முடியாது.

இரண்டு எண்களும் கிடைத்த பிறகு திருகைப் பற்றிப் பேசலாம்.

---

ஈரக்குமிழ் (கடலூர் முதுநகர்) பதில்:

கெடிலக்கரை ஐயா சொன்ன வரிசையே என் வரிசையும். வானிலைப் பக்கத்தின் 90-ஐப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், அதை வைத்து வீட்டு மானியைத் திருத்தியவர்கள் நிறையப் பேர்.

வானிலைத் துறையின் நிலையம் கடலூரிலும் உண்டு, புதுச்சேரியிலும் உண்டு. அங்கே அளப்பது திறந்த வெளியில், வெள்ளையடித்த பலகணிப் பெட்டிக்குள். காலை 8.30, மாலை 5.30 என்று நேரம் வைத்து எடுக்கும் அளவுகள் அவை. வெளியே 26 டிகிரியில் 90 சதவீதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று வீட்டுக்குள் வந்து 30 டிகிரி ஆனால் 71 சதவீதம்தான். நீராவி குறையவில்லை, சூடான காற்றின் கொள்ளளவு கூடியிருக்கிறது. வெளியே 90-ம் உண்மை, உள்ளே 71-ம் உண்மை. ஒப்பிட வேண்டுமானால் பனிநிலையை (காற்று குளிரும்போது பனி பிடிக்கத் தொடங்கும் வெப்பநிலையை) ஒப்பிடலாம், சதவீதத்தை ஒப்பிடக் கூடாது.

உப்பையே சந்தேகப்படுகிறவருக்கு இன்னொரு வழி இருக்கிறது: உலர் குமிழ், ஈரக் குமிழ். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி வெப்பமானி, அரை டிகிரியாவது படிக்க முடிந்தவை. முதலில் இரண்டையும் உலர்ந்த நிலையில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதைக் கடைசியில் கழிக்க வேண்டும். ஒன்றின் குமிழில் மெல்லிய மல் துணி ஒரு சுற்று. புதுத் துணி என்றால் கஞ்சி போக வெந்நீரில் அலசிக்கொள்ளுங்கள். நனைக்க பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர். போர்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், முதுநகர்ப் பக்கம் அது உப்பு. உப்பு ஆவியாவதைத் தடுக்கும், ஈரக் குமிழ் உண்மையைவிட உயரமாகக் காட்டும், ஈரப்பதமும் கூடுதலாக வரும்.

டேபிள் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு ஓரடி தூரத்தில் இரண்டையும் பிடியுங்கள். காற்று நொடிக்கு 3 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஃபேன் இல்லாமல் சுவரில் தொங்கவிட்டு எடுத்தால் கணக்கு வேறு. மூன்று, நான்கு நிமிடத்தில் ஈரக் குமிழ் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அந்த மிகக் குறைந்த அளவுதான் வேண்டியது. துணி காய ஆரம்பித்தால் மறுபடி ஏறும்.

நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் கணக்கு எளிது. ஈரக் குமிழ் வெப்பநிலையின் தெவிட்டிய நீராவி அழுத்தத்திலிருந்து (அந்த வெப்பநிலையில் நீராவிக்கு இருக்கக்கூடிய உச்ச அழுத்தம், பட்டியல் கீழே), இரண்டு குமிழ்களின் வித்தியாசத்தை 0.67-ஆல் பெருக்கிக் கழியுங்கள். வந்ததை உலர் குமிழ் வெப்பநிலையின் தெவிட்டிய அழுத்தத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். ஹெக்டோபாஸ்கலில் அழுத்தங்கள்:

24 டிகிரி: 29.85
25: 31.69
26: 33.63
27: 35.67
28: 37.82
29: 40.08
30: 42.45
31: 44.95
32: 47.58
33: 50.34
34: 53.24

உதாரணம்: உலர் 30, ஈரம் 26. 33.63-லிருந்து 4 × 0.67 = 2.68 கழித்தால் 30.95. அதை 42.45-ஆல் வகுத்தால் 73 சதவீதம். ஈரக் குமிழை அரை டிகிரி தப்பாகப் படித்தால் மூன்று சதவீதம் தப்பும். ஆகவே கண்ணை நேர்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும், மூச்சுக் காற்று குமிழில் படக் கூடாது.

இதில் கிடைப்பது அந்த நேரத்து அறைக் காற்றின் ஒரே ஒரு புள்ளி. உப்புச் சோதனை சரியாக நடந்ததா என்பதற்குத் தனிச் சாட்சியாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

---

முள்_டயல் (நெல்லிக்குப்பம்) பதில்:

டயலைப் பற்றி. முடி வைத்தது, சுருள் வைத்தது என்று இரண்டு வகை. முடி வகையில் மனித முடியோ செயற்கை இழையோ ஈரத்தில் நீண்டு முள்ளைத் தள்ளும். காய்ந்த நிலையிலிருந்து முழு ஈரம் வரைக்கும் மனித முடி நீள்வது இரண்டரை சதவீதம் போலத்தான். ஜெனீவா விஞ்ஞானி சோசூர் 1783-ல் எழுதி வைத்த அதே தத்துவம். சுருள் வகையில் உலோகப் பட்டைமேல் ஈரம் வாங்கும் காகிதமோ பூச்சோ இருக்கும், அது விரியச் சுருள் அவிழும். கடையில் மலிவாகக் கிடைக்கும் வட்ட டயலெல்லாம் பெரும்பாலும் சுருள்தான். பின்னால் உள்ள ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் கடிகார வில் மாதிரி தெரியும்.

ஈரத் துணியில் அரை மணி நேரம் சுற்றி வைத்தால் மானி புத்துயிர் பெறும் என்று சொல்வது முடி வகைக்கு மட்டும். சுருளுக்கு அதைச் செய்தால் பூச்சு உரியும்.

திருகு செய்வது ஒன்றே ஒன்று: முள் முழுவதையும் ஒரே அளவுக்கு நகர்த்தும். அளவுகோலை நீட்டாது, குறுக்காது. படிப்பதற்கு முன் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள், முள் உராய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். சோதனையிலும் அப்படியே, மூடிமேல் தட்டிவிட்டுப் படியுங்கள்.

---

வைத்திக்குப்பம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்தேன். உள் அறை, தெர்மோகோல் பெட்டி, 30 டிகிரி, அரை டிகிரிக்கு மேல் மாறவில்லை.

சிலிக்கா ஜெல்லில் ஒரு நாள்: எச்டிசி 13, சின்னது 22, டயல் 54.
தூள் உப்பில் 26 மணி நேரம் (75.1 வர வேண்டும்): எச்டிசி 79, சின்னது 71, டயல் 70.
மக்னீசியம் குளோரைடில் 26 மணி நேரம் (32.4 வர வேண்டும்): எச்டிசி 36, சின்னது 38, டயல் 57.

ஃபேன் முறையில் அறைக் காற்று 73 வந்தது. அப்போது எச்டிசி 77.

முதல் சோதனையில் 77 காட்டிய எச்டிசி இப்போது 79. சின்னது ஒரு பக்கம் குறைவாகவும் இன்னொரு பக்கம் அதிகமாகவும் காட்டுகிறது. இதை எப்படித் திருத்துவது? இரண்டிலும் ஈரப்பதத்தைத் திருத்தும் பட்டன் எதுவும் இல்லை.

---

கெடிலக்கரை பதில்:

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எச்டிசி: 75-ல் 4 கூட, 32-லும் 4 கூட, ஃபேன் கணக்கிலும் 4 கூட. மூன்று சாட்சியும் ஒன்றாகப் பேசுகின்றன. எச்டிசி-1-க்குத் தயாரிப்பாளர் சொல்லும் துல்லியமே கூட்டியோ குறைத்தோ 5 சதவீதம், ஆக இது அதற்குள்தான் இருக்கிறது. முதுகில் ஒரு துண்டு டேப் ஒட்டி "4 கழி" என்று தேதியோடு எழுதிவிடுங்கள். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. இனிமேல் இதுதான் வீட்டின் அளவுகோல்.

சின்னது: இதற்கு ஒற்றை எண்ணைக் கழித்தால் சரிவராது. 32.4-லிருந்து 75.1 வரை உண்மை தூரம் 42.7, மானி நடந்த தூரம் 71-லிருந்து 38 கழித்தால் 33. 42.7-ஐ 33-ஆல் வகுத்தால் 1.294. ஆக:

உண்மை = 32.4 + 1.294 × (மானி காட்டுவது − 38)

45 காட்டினால் உண்மை 41.5. 50 காட்டினால் 47.9. 57 காட்டும்போது உண்மையும் 57. அந்த இடத்தில் மட்டும் பார்த்தவர் இதைவிட நல்ல மானி இல்லை என்று சொல்லிவிடுவார். தினம் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம். லென்ஸ் டப்பா மூடியில் இப்படி எழுதி ஒட்டுங்கள்: 44 காட்டினால் 40, 48 காட்டினால் 45, 52 காட்டினால் 50. இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இந்தக் கணக்கு நன்றாக நிற்கும், வெளியே போனால் நம்ப முடியாது. சிலிக்கா ஜெல்லில் 22 காட்டியதைப் பாருங்கள், சூத்திரப்படி அது 11.7 ஆகிறது. ஓரளவு பொருந்துகிறது என்றாலும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

டயல்: 43 சதவீதம் மாறும்போது முள் 13 மட்டும் நகர்ந்திருக்கிறது. முதல் நாளே திருகைத் திருப்பி 75-ல் நிறுத்தியிருந்தால் 32 சதவீதக் காற்றில் அது 62 காட்டியிருக்கும். லென்ஸ் டப்பாவில் அதை நம்பி இன்னும் சிலிக்கா ஜெல் கொட்டிக்கொண்டே போயிருப்பீர்கள். சுருள் செத்துவிட்டது. திருகால் ஆகாது.

முதலில் 77, இப்போது 79 என்பதற்குக் காரணம் பழைய டப்பாதான். மக்னீசியம் கலந்த கல் உப்பு ஒரு பக்கம், நிறையத் தண்ணீர் இன்னொரு பக்கம், அதிலும் மூன்று மணி நேரம். அந்த எண்ணை அடித்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் அலமாரி 80-க்கு மேல் போகிறதா என்று பார்க்க நினைத்தால் மூன்றாவது புள்ளியும் வைத்துக்கொள்ளலாம். ஆய்வகத் தரப் பொட்டாசியம் குளோரைடு, 25 டிகிரியில் 84.3, 30-ல் 83.6. உரக்கடையில் கிடைக்கும் சிவப்புப் பொட்டாஷ் இதற்கு உதவாது, அதில் கலப்பு அதிகம்.

---

முள்_டயல் பதில்:

சுருள் செத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூக்கிப் போட வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு வாரம் முழுக்க முள் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைச் சொல்ல அதற்கு இன்னும் முடியும். எண்கள் மேல் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டுப் புத்தக அலமாரியில் வைக்கலாம்.

---

கெடிலக்கரை பதில்:

இதில் நான் உடன்பட மாட்டேன். எண்ணை மறைத்தாலும் வீட்டில் வேறொருவர் அதைப் பார்த்து முடிவெடுப்பார். 43-க்கு 13 நகரும் முள், அலமாரியில் ஈரம் 10 கூடினால் 3 நகரும். யார் கண்ணுக்கும் தெரியாது. புத்தகத்துக்குப் பூஞ்சை பிடிக்க அந்தப் பத்தே போதும்.

---

லாஸ்பேட்டை_சென்சார் (புதுச்சேரி) பதில்:

ரெண்டு மூணு விஷயம் சொல்லாம விட்டாச்சு, சேர்த்துடறேன்.

சின்ன டிஜிட்டல்ல ஏன் அளவு சுருங்கும்? உள்ளே இருக்கிறது ஒரு பாலிமர் ஏடு. அது ஈரம் வாங்கினா மின்தேக்குத்திறன் மாறும், அதைத்தான் சிப்பு எண்ணா மாத்துது. அந்த ஏட்டுல எது படிஞ்சாலும் கெடும்: கொசுவத்திப் புகை, சாம்பிராணி, கற்பூரம், நாப்தலீன் உருண்டை, பெயிண்ட் தின்னர், சிலிகான் பசை வாடை. புத்தக அலமாரியில பாச்சா உருண்டை போடறவங்க மானியை அங்க வைக்கவே கூடாதுங்க. கடல் காத்துல வர்ற உப்புத் தூசு வேற மாதிரி. ஏட்டு மேல உப்பு படிஞ்சா, காத்து 75-ஐத் தாண்டினதும் அந்த உப்பே தண்ணியாகி சென்சாரை நனைச்சுடும். அறை 78 இருக்கும்போது மானி 90-க்கு மேல ஓடினா இதைத்தான் சந்தேகப்படணும். ஜன்னலுக்கு நேரா வைக்காம உள்சுவர்ல, தரையிலிருந்து நெஞ்சு உயரத்துல வைங்க. சென்சாரைத் துணியால துடைக்கவோ ஸ்பிரிட் தடவவோ வேண்டாம்.

மாசக்கணக்கா 80-க்கு மேல கிடந்த சென்சார் சில சதவீதம் கூட காட்ட ஆரம்பிக்கும். இது பாதி நேரம் தற்காலிகம். சிலிக்கா ஜெல் டப்பாவுல ரெண்டு நாள் வெச்சு, அப்புறம் உப்பு டப்பாவுல ஒரு ராத்திரி வெச்சு எடுத்தா கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பும். ஓவன்ல சுடச் சொல்ற குறிப்பு தனி சிப்புக்குச் சொன்னது. பிளாஸ்டிக் உடம்பும் எல்சிடியும் உள்ள மானியை ஓவன்ல வெச்சா உருகிடும்.

பேட்டரி: எச்டிசி-1-க்கு 1.5 வோல்ட் ஏஏஏ ஒண்ணு. ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான், எழுத்து மங்கும். மங்கின திரையில 6-ம் 8-ம் ஒண்ணாத் தெரியும். கடலோர வீட்டுல பேட்டரி முனையில பச்சை பூக்கும், சோதனைக்கு முன்னாடி சுரண்டிட்டு புது செல் போடுங்க.

எச்டிசி-2 வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு: அதுல வெளியே நீளுற ஒயர் வெப்பநிலைக்கு மட்டும். ஈரப்பதம் உடம்புக்குள்ள இருக்கிற சென்சார்லதான் எடுக்கும். ஒயரை லென்ஸ் டப்பாவுக்குள்ள விட்டுட்டு டப்பாவோட ஈரப்பதம் தெரியுதுன்னு நம்பிட்டு இருக்காதீங்க.

கையில சாலிடரிங் இருந்தா எஸ்எச்டி31 சிப்பு வெச்ச மாட்யூல் வாங்குங்க, 2 சதவீதத் துல்லியம், தொழிற்சாலையிலேயே திருத்தி வரும். டிஎச்டி11 வேண்டாம், அது 5 சதவீதம், 20-க்குக் கீழயும் 90-க்கு மேலயும் பேசாது. எதை வாங்கினாலும் அதே ரெண்டு உப்புல ஒரு தடவை உட்கார வைங்க.

---

வைத்திக்குப்பம் எழுதியது:

டயலை எடுத்துவிட்டேன். கடைசியாக ஒன்று: ஓலைச்சுவடியையும் லென்ஸ் டப்பாவிலேயே 45-ல் வைக்கலாமா? சோதனையை எவ்வளவு நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

---

ஈரக்குமிழ் பதில்:

சுவடியை அங்கே வைக்காதீர்கள். லென்ஸ் டப்பாவில் சிலிக்கா ஜெல் மாற்றும் போதெல்லாம் ஈரப்பதம் விழும், பிறகு ஏறும். லென்ஸ் அதைத் தாங்கும், பழைய ஓலை அப்படி விரிந்து சுருங்கினால் விளிம்பில் வெடிக்கும். சுவடிக்கு 50 முதல் 55, அதுவும் மெதுவாக மாறும் இடம். கதவு இறுக மூடும் மர அலமாரியில் பருத்தித் துணி சுற்றி, சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். உங்கள் எச்டிசி அங்கே இருக்கட்டும், 54 முதல் 59 வரை காட்டினால் சரியான இடம். மழைக்காலத்தில் மர அலமாரி மட்டும் அந்த அளவைப் பிடிக்காது, 65-க்கு மேல் காட்டிக்கொண்டே இருந்தால் அறைக்கே ஈரம் நீக்கும் கருவி வேண்டியிருக்கும்.

சோதனை ஆண்டுக்கு இரண்டு முறை: புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒன்று. தை பிறந்து மழை விட்டதும் இன்னொன்று. மழை மாதங்கள் முழுக்க ஈரத்தில் கிடந்த சென்சார் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது தையில்தான் தெரியும். இரண்டு உப்பையும் இறுக மூடிய பாட்டிலில் பெயர் எழுதி வைத்தால் அடுத்த முறைக்கும் அதுவே ஆகும். உப்பு இறுகிக் காய்ந்திருந்தால் சில சொட்டு வடிநீர், குழைந்திருந்தால் ஒரு ஸ்பூன் படிகம்.